திறந்த மூக்கோடு ஒரு முக்குளிப்பு

பவளத்திட்டின் ஓரமாகப் படகு நங்கூரமிட்டதும், சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குபவர்களை முதலில் அனுப்பிவிட்டு, மூச்சடக்கி முக்குளிக்க வந்திருந்த எங்களைப் பயிற்சியாளர் ஏணியருகே கூப்பிட்டார். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னவர், தாமும் நீருக்குள் இறங்கி, வாயை அகலத் திறந்து காட்டினார். கடல்நீர் அவர் வாய் முழுக்க நிறைந்திருந்தது. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு மேலே வந்து, இருமாமல் துப்பினார்.

நீரைத் தடுக்கும் வாசல் உதட்டிலோ மூக்கிலோ இல்லை, தொண்டையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூச்சை அடக்கும்போது குரல்நாண்கள் இரண்டும் நெருங்கி மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொள்கின்றன. குரல்வளை மூடிதான் இந்த வேலையைச் செய்வதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் விழுங்கும்போது மடிந்து கொடுக்கும் தடுப்பே.

மூக்கின் நிலை வேறு. சீல், டால்பின் போன்றவற்றுக்கு இருப்பதைப்போல மூச்சுத் துளை இறுக மூடிக்கொள்ளும் அமைப்பு நமக்கில்லை. நிமிர்ந்தபடி மூழ்கினால் மூக்கினுள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி நிற்பதால் நீர் அதிகம் ஏறுவதில்லை. தலைகீழானால் அந்தக் காற்று குமிழிகளாகப் போய்விடும். நெற்றிவரை சுரீரென்று எரியும். உடல் திரவங்களைவிடக் கடல்நீரில் உப்பு பல மடங்கு அதிகம் என்பதே அந்த எரிச்சலுக்குக் காரணம். மூக்கு வழியாக மெல்லக் காற்றை விட்டுக்கொண்டே போனால் எரிச்சல் இல்லை.

நீளமான குழாய் ஒன்று இருந்தால் ஆழத்திலும் மூச்சு விடலாமே என்று உடன் வந்த ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். அப்படிச் செய்தால் நுரையீரலில் கடல்மட்டத்துக் காற்றழுத்தமும் மார்பின் மேல் நீரின் அழுத்தமும் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே மூச்சிழுக்கும் தசைகள் ஏறக்குறையத் தோற்றுவிடும். முக்குளிப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகும்போது நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கி, உள்ளும் புறமும் சமமாகிவிடுகிறது. ஆகவே நீரை உள்ளே தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நாமே மூச்சிழுத்தால்தான் அது நுழையும்.

அப்படி இழுக்கத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. கீழே மூளைப் பவளமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் உதரவிதானம் வெட்டி வெட்டி இழுத்தது. தொண்டை மூடியே இருந்ததால் ஒரு துளியும் உள்ளே போகவில்லை. மூழ்குமுன் வேக வேகமாக மூச்சு வாங்குபவர்கள் கரியமில வாயுவைக் குறைத்து இந்த எச்சரிக்கையைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். இதைத் திறமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நீர் குரல்வளையைத் தொட்டால் குரல்நாண்கள் அனிச்சையாக இறுகிக்கொள்ளும். நினைவு தப்பிய பின் அந்த இறுக்கம் தளரக்கூடும்; அப்போது நீர் நுரையீரலுக்குள் போய்விடும். மேலே ஏறுகையில் அழுத்தம் குறைவதால் நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதியழுத்தமும், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய பங்கும், சரிகிறது. ஆகையால் நினைவு தப்புவது பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு அருகில்தான் நேர்கிறது. இதனாலேயே ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலேயே இருக்க வேண்டும் என்றும், அவர் வெளியே வந்து மூச்சு வாங்கிய பிறகும் 30 விநாடிகள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்றும் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார்.