மழைப்போக்கு புராஜெக்ட் எடுத்திருப்பவர்களுக்கு: வைவா முடிந்த கையோடு

மழை பல ஆண்டுகளில் கூடுகிறதா குறைகிறதா என்று மேப் போட்ட என் புராஜெக்டுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். ஜூனியர்கள் எல்லோரும் "அண்ணா, புரோகிராம் கோடு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். கோடு ஒரு விஷயமே இல்லை. இந்திய வானிலைத் துறை நாட்டை 0.25 டிகிரி கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழை டேட்டா 1901இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கிப் படிக்க ஐஎம்டிலிப் என்ற பைத்தான் தொகுப்பு போதும். மான்-கெண்டால் (போக்கு இருக்கிறதா என்ற சோதனை), சென் சரிவு (ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்ற கணக்கு) எல்லாம் சில வரி வேலை. ராத்திரி கண்விழித்து நிறம் மாற்றி மாற்றிப் போட்ட மேப்களை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) சரியாகப் புரட்டக்கூட இல்லை. அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது.

அவர் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியை: "ராமநாதபுரம் பக்கம் சிவப்பா இருக்கே, இந்தக் கட்டத்துக்குள்ள மழைமானி இருக்கா தம்பி?"

பாதி வைவா இதிலேயே போனது. கட்டத்தில் இருக்கும் எண் அங்கே அளந்தது அல்ல. நாடு முழுக்க 6,955 மழைமானிகளின் பதிவு, அதுவும் எல்லா ஆண்டும் எல்லாம் இல்லை. அக்கம்பக்கத்து மானிகளுக்குத் தூரத்தைப் பொறுத்து எடை கொடுத்து நிரப்புகிறார்கள். நடுவில் ஒரு மானி நின்று, மலையோரம் இன்னொன்று தொடங்கினால், மழை மாறாமலே போக்கு மாறிவிடும். ஆகவே டேட்டாவை விவரிக்கும் கட்டுரையை வரி விடாமல் படியுங்கள். மற்றதைக் கோட்டை விட்டாலும் பரவாயில்லை என்பேன்.

என்னைக் காப்பாற்றியது மேப்பில் அடித்த சாய்கோடுகள்தான். 1981க்குப் பிறகான காலத்துக்கு சிர்ப்ஸ் (செயற்கைக்கோள் சார்ந்த மழை டேட்டா), ஈரா-5 (வானிலை மாதிரி வழியாக வரும் டேட்டா) இரண்டிலும் அதே சரிவைக் கணக்கிட்டு, மூன்றும் ஒரே திசை காட்டாத கட்டங்களில் சாய்கோடு அடித்திருந்தேன். (சிர்ப்ஸிலும் மழைமானிப் பதிவு கலந்திருக்கிறது, முழுச் சுயேச்சை என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.) அந்த ராமநாதபுரக் கட்டத்திலும் சாய்கோடு இருந்தது. அதைக் காட்டியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பருவம்: வடநாட்டுக் கட்டுரைகளைப் பார்த்து ஜூன்–செப்டம்பர் என்று தொடங்காதீர்கள். நமக்கு அக்டோபர்–டிசம்பர். நீலகிரி, கன்னியாகுமரி தனிக்கதை.

கடைசி ஆண்டு: 2015 கொட்டித் தீர்த்தது, 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைவு. தொடரை எதில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து நேர்கோட்டுச் சரிவு ஆடும். சென் சரிவு அவ்வளவு ஆடாது. இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.

மற்றவை:
- விடுபட்ட நாளுக்கு -999. சராசரிக்கு முன்பே நீக்குங்கள்.
- ஈரா-5 மழை மீட்டரில் வரும்.
- வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. பருவக் கூட்டுத்தொகைக்குக் கவலையில்லை, ஒருநாள் கனமழையை ஒப்பிட்டால் இடிக்கும்.
- 5 சதவீத மட்டத்தில் (தற்செயலைப் போக்கு என்று எடுத்துக்கொள்ள 5 சதவீத வாய்ப்பு) 200 கட்டங்களைச் சோதித்தால், போக்கே இல்லாவிட்டாலும் சுமார் 10 கட்டம் "போக்கு" காட்டும். இதற்குத் திருத்தம் செய்யாமல் உள்ளே போகாதீர்கள்.
- 1 டிகிரி வெப்பநிலை டேட்டாவில் மாவட்ட மேப் வேண்டவே வேண்டாம். கட்டத்தின் ஒரு பக்கமே ஏறக்குறைய 110 கி.மீ.; ஊட்டியும் கோவையும் ஒரே எண்ணுக்குள் விழலாம்.