சீட்டுக் கிழிக்கப் பறக்கிறவர்

மார்ச் 4, இரவு

'அப் இன் தி ஏர்' பாதி பார்த்தேன். 2009 படம், இத்தனை நாள் எப்படியோ என் கண்ணில் படாமல் போய்விட்டது. ஜார்ஜ் க்ளூனிக்கு அதில் என்ன வேலை என்றால், அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகப் பறந்துபோய் மற்றவர்களின் சீட்டைக் கிழிப்பது. தன் ஆளிடம் முகத்தைப் பார்த்து "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லத் தெம்பில்லாத முதலாளிகள் இவரைக் கூலிக்கு அழைக்கிறார்கள். படுபாவி என்று திட்டத்தான் உட்கார்ந்தேன், ஆனால் விமான நிலையச் சோதனையில் அவர் ஷூவைக் கழற்றி, பெல்ட்டை உருவி, பெட்டியை உருட்டிக்கொண்டு தாளம் தப்பாமல் போகிற அழகைப் பார்த்தால் இந்த வாழ்க்கையும் நல்லாத்தானே இருக்கு என்று தோன்றிவிடுகிறது. வருஷத்தில் 322 நாள் வெளியூர். வீட்டில் கழித்த 43 நாள்தான் அவருக்குக் கொடுமையாம்!

மார்ச் 5

மீதியும் பார்த்தாயிற்று. நாடலி என்று ஒரு சின்னப் பெண் (அன்னா கெண்ட்ரிக்) புதிதாக வேலைக்கு வந்து, எதற்கு டிக்கெட் செலவு, வீடியோவிலேயே ஆளைத் தூக்கலாமே என்கிறாள். க்ளூனி கொதிக்கிறார். நேரில் போய்ச் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று அவர் வாதாடுவது நியாயம்தான், ஆனால் அந்த மரியாதையில் பாதி விமான மைல் (பறக்கிற தூரத்துக்கு விமான நிறுவனம் உங்கள் கணக்கில் ஏற்றும் புள்ளிகள்). 1 கோடி மைல் சேர்ப்பதுதானே அவர் லட்சியம், பறப்பது நின்றால் அது என்னாவது? படத்தின் நக்கல் எனக்கு இங்கேதான் உறைத்தது. அப்புறம் அதே நாடலியைக் காதலன் ஒரு குறுஞ்செய்தியில் கழற்றிவிடுகிறான்.

2009-இல் இதற்குச் சிரித்திருப்பார்கள். போன வருஷம் எங்கள் டீமில் மூன்று பேரை அனுப்பியது வீடியோ காலில்தான், எல்லோரும் இருக்கும்போதே பெயரை வாசித்தார்கள், வாசித்தவர் கேமராவைக்கூடப் போடவில்லை. நான் மியூட்டில் இருந்தேன்.

மார்ச் 6

வேலை அதிகம். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்: க்ளூனி சொல்கிறபடி வருஷத்துக்கு 3.5 லட்சம் மைல் பறந்தால் 1 கோடிக்கு 28 வருஷத்துக்கு மேல் ஆகும். (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள்.) அதைத் தொட்ட அன்றைக்கு விமானியே வந்து பக்கத்தில் உட்காருகிறார். எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப்பார்த்த பேச்சு, என்ன சொல்ல நினைத்தோம் என்பதே க்ளூனிக்கு மறந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டால், "இங்கேதான்" என்கிறார்.

மார்ச் 8

படத்தில் வேலை போய் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறவர்கள், கத்துகிறவர்களில் பலர் நடிகர்களே இல்லையாம். செயின்ட் லூயிஸிலும் டெட்ராய்ட்டிலும் நிஜமாகவே வேலை போனவர்கள். ஆவணப்படம் என்று விளம்பரம் கொடுத்து வரவழைத்து, அன்றைக்கு என்ன சொன்னீர்களோ, சொல்லாமல் விட்டீர்களோ, அதைச் சொல்லுங்கள் என்று இயக்குநர் ஜேசன் ரைட்மன் கேட்டிருக்கிறார். முதலில் இந்தக் காட்சிகளைக் கேலியாகத்தான் எழுதி வைத்திருந்தாராம், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு யார் சிரிப்பது? கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் பாட்டும் வேலை இழந்த ஒருவர் எழுதி, கேசட்டில் பதிந்து ரைட்மன் கையில் கொடுத்ததுதான். அந்த முகங்களை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அந்த மூன்று பேரில் ஒருவருக்கு "எப்படி இருக்கீங்க?" என்று காலையில் ஒரு மெசேஜ் போட்டேன். போன் பண்ணியிருக்கலாம். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.