மனையின் நான்கு மூலைகள்

நகையை விற்று அம்மா ஒரு மனை வாங்க ஆசைப்பட்டார். வாய்க்கால் ஓரமாகச் சாய்ந்து கிடக்கும் இடம். தெருப்பக்கம் 60 அடி, பின்பக்கம் 61 அடி 5 அங்குலம், வலது 51, இடது 40. "எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குங்கம்மா, 2762 சதுர அடி. 6.34 செண்ட்" என்றார் தரகர். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தீப்பெட்டியின் மேலுறையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நான்கு பக்கமும் அதே நீளம்தான், உள்ளே இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற நாற்கரங்களுக்கு எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

என் மகள் பத்தாம் வகுப்பு. ஆயத்தொலை வடிவியல் அப்போதுதான் முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தெருவோர இடது மூலைக் கல்தான் ஆதிப்புள்ளி. தெரு நெடுகக் கட்டிய கயிறு எக்ஸ் அச்சு. பின்மூலைகளிலிருந்து கயிற்றுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். கொத்தனார் மாமா வந்து 6, 8, 10 அடி வைத்து மூலைமட்டம் பிடித்துக் கொடுத்தார். வலது பின்மூலையின் செங்குத்து எங்கள் எல்லை தாண்டி 24 அடி தள்ளி, பக்கத்து மனையில் விழுந்தது. அவ்வளவு சாய்வு!

புள்ளிகள் (முதல் எண் தெரு நெடுக, இரண்டாவது அதற்குச் செங்குத்தாக): (0, 0), (60, 0), (84, 45), (24, 32).

வலது பக்கத்தைச் சரிபார்த்தாள். 24-இன் வர்க்கம் 576, 45-இன் வர்க்கம் 2025, கூட்டினால் 2601. வர்க்கமூலம் 51. டேப்பும் 51தான் காட்டியிருந்தது. இடது பக்கம் 24, 32, வந்தது 40. வெயிலில் நின்றபடி என்னைப் பார்த்து "அம்மா, வருது!" என்று கத்தினாள். புத்தகத்தில் நூறு கணக்குப் போட்டபோது அவள் முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம் அது.

பிறகு பரப்பு. புள்ளிகளை வரிசையாக எழுதி, முதல் புள்ளியைக் கடைசியில் மறுபடி எழுதி, அடுத்தடுத்த புள்ளிகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் 2700-உம் 1608-உம் வந்தன, மற்ற இரண்டும் பூஜ்யம். கூட்டினால் 4308, பாதி 2154 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஆக 4.95 செண்ட்கூட இல்லை. கிட்டத்தட்ட 1.4 செண்டுக்கு அம்மா வீணாகப் பணம் கொடுத்திருப்பார்.

தரகர் பொறுமையாகக் கேட்டார். குறுக்கே ஒரு மூலைவிட்டம் அளந்து பார்க்கலாம் என்றார். 48 அடி 2 அங்குலம். எங்கள் கணக்கும் அதையே சொன்னது. விலையை மாற்றி எழுதினார்.

மகளின் அந்த நோட்டுத் தாளை அம்மா பத்திர உறைக்குள் வைத்திருக்கிறார். 24, 45, 51 மூன்றையும் அவள் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாள்.