மூன்று நாள் மாத்திரை

ஆகஸ்ட் 2

ராத்திரி முழுக்க அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். மூன்று போர்வை போட்டும் பல் கிட்டிக்கொண்டது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று நாலு நாளாகச் சொன்னாள். நான்தான் இளநீர், பார்லிக் கஞ்சி என்று நாளைக் கடத்திவிட்டேன். மழை விட்டபாடில்லை.

ஆகஸ்ட் 3

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. 39.4 டிகிரி. டாக்டரம்மா "அமே, நே கௌன் லா?" (அம்மா, நல்லா இருக்கீங்களா?) என்று பர்மிய மொழியில் கேட்டுக்கொண்டே விலாவின் பின்பக்கம் லேசாகத் தட்டினார். அம்மா துள்ளிவிட்டாள். கிருமி கிட்னி வரை ஏறிவிட்டதாம். சிறுநீர் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, செஃப்ட்ரையாக்சோன் என்கிற ஆண்டிபயாட்டிக் ஊசி ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் என்னைப் பார்த்து, "எப்ப வந்தே செல்லம்மா?" என்றாள். செல்லம்மா சித்தி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வயசானவர்களுக்கு இந்த நோயில் புத்தி தடுமாறுவது உண்டு என்று நர்ஸ் சொன்னாள். இருந்தாலும் பாத்ரூமில் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 4

"இந்த வருஷம் ஆண்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாங்களா?" டாக்டரம்மா கேட்டது இவ்வளவுதான். காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் சிப்ரோஃப்ளாக்சசின், ஆறு மாத்திரை. தெருமுனைக் கடையில் வாங்கியது. சீட்டு கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. கத்திரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுத்தார். வெட்டின துண்டில் மருந்தின் பேர் பாதிதான் இருந்தது. மூன்று மாத்திரையில் எரிச்சல் நின்றுவிட, மீதி மூன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டேன். மே மாதம் திரும்ப எரிச்சல் வந்ததும் அந்த மூன்றையே கொடுத்தேன். வீணாக்காமல் கொடுத்துவிட்டேன் என்று திருப்தி வேறு. ஜூனில் செஃபிக்சிம், நாலு. அதைக் கொடுத்த பிறகு அம்மாவுக்கு எத்தனை நாள் சரியாக இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 5

காய்ச்சல் 39. சித்தியின் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் 5, இரவு

தூக்கம் வரவில்லை. போனில் படித்தேன். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கும்போதே சொல்லியிருக்கிறார். ஒருவர் தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்குகிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போதுமான அளவு சாப்பிடுகிறார். கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. இப்போது மருந்து கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறாள். அது அவர் சொன்ன கற்பனைக் கதைதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுபடியும் கரண்டு போனது. லேபில் கிருமி வளர்க்கும் பெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்குமா?

ஆகஸ்ட் 6

ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்கிற கிருமி. ஆம்பிசிலின் ஆர், சிப்ரோ ஆர், கோட்ரைமாக்சசோல் ஆர், மூன்று நாளாக ஏற்றிக்கொண்டிருந்த செஃப்ட்ரையாக்சோனும் ஆர். ஆர் என்றால் கேட்காது. கீழே ஈ.எஸ்.பி.எல். பாசிடிவ் என்று இருந்தது. பெனிசிலின் வகையையும் செஃப் வகையையும் உடைத்துப்போடுகிற நொதியை இந்தக் கிருமி தானே தயாரிக்கிறதாம்.

லேப் தம்பியிடம் கெஞ்சி, கிருமி வளர்த்த அந்தத் தட்டைப் பார்த்தேன். உறைந்த கஞ்சி போல ஒரு பரப்பு, அதன்மேல் மங்கலாகக் கிருமி, நடுநடுவே பொட்டு அளவு வெள்ளைக் காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. சிப்ரோ வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது, ஒரு இழை இடைவெளிகூட இல்லை. மெரோபெனம் வில்லையைச் சுற்றி நிலா கோட்டை கட்டினது போலத் தெளிவான வட்டம்.

நைட்ரோஃபியூரன்டாயினும் கேட்கும் என்று இருந்ததே, மாத்திரையாகவே கொடுக்கலாமே என்று கேட்டேன். அது சிறுநீர்ப்பையில்தான் வேலை செய்யும், கிட்னித் திசுவில் போதுமான அளவு சேராது என்றார் டாக்டரம்மா. அமிகாசினும் கேட்கும், ஆனால் அம்மாவின் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் அதற்குப் பயப்படுகிறார். ஆக மெரோபெனம்தான். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக.

ஆகஸ்ட் 7

நான் பாதியில் நிறுத்தியதால்தானா? கேட்டேவிட்டேன். அப்படி அறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தண்ணீர், சாப்பாடு வழியாகவும் இந்தக் கிருமி குடலுக்குள் வந்திருக்கலாம். ஒரு கிருமி இன்னொன்றுக்கு இந்தக் குணத்தைக் கைமாற்றியும் விடுமாம், வேறு சாதிக் கிருமிக்குக்கூட. ஆனால் ஒவ்வொரு தடவை மருந்து சாப்பிடும்போதும், பாதியோ முழுசோ, குடலில் தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சிப் பெருகும். தேவையில்லாமல் ஒரு மாத்திரைகூடக் கூடாது என்றார்.

எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆகஸ்ட் 8

தெருமுனைக் கடைக்காரரிடம் கத்திவிட்டேன். கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒரு டாக்டர் இருந்தால் ஜனங்கள் என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9

37.6!

ஆகஸ்ட் 10

காலையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பேரை. அப்புறம் ஆடிக்கூழ் ஊற்றினீர்களா, காளியம்மன் கோவிலுக்கு யார் போனது என்று விசாரணை. ஆறு கரண்டி கஞ்சி குடித்தாள். சர்க்கரை இன்னும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 12

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாடிவீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மகளுக்கு எரிச்சலாம், "அம்மாவுக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருந்தா ரெண்டு குடும்மா" என்றார். உள்ளே போய் டின்னைத் திறந்தேன். செஃபிக்சிம் ஒன்று கிடந்தது, வெட்டின அட்டையில். அப்படியானால் அம்மா ஜூனில் சாப்பிட்டது மூன்றுதான்.

"குடுக்க மாட்டேன்க்கா. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், முதல்ல சிறுநீர் டெஸ்ட் பண்ணலாம்" என்றேன். அக்கா முகம் சுண்டிப்போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். பத்து மணி ஊசிக்கு நரம்பு கிடைக்கவில்லையாம், கை வீங்கியிருக்கிறதாம். கிளம்புகிறேன்.