குளிருக்கு ஒரு மோட்டார்

அம்மாவின் அறைக்கு வெப்பம் தருகிற ஏசி வாங்கப் போகிறேன் என்றதும், கிருஷ்ணகிரி டவுனில் குடியிருக்கும் என் மகள் போனிலேயே சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். அங்கே மாங்காய் பழுக்கிற வெயில். சூளகிரி தாண்டி மேலே ஏறிவிட்டால் சங்கதி வேறு. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவில், ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. மார்கழி விடியற்காலையில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் 12 டிகிரி காட்டும்.

அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். முன்பெல்லாம் குமுட்டியில் கரி போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதைச் சொன்னால், "உங்க தாத்தா செத்துட்டாரா?" என்பார். ஒருவழியாகக் குமுட்டியைப் பிடுங்கிவிட்டு 2,000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். மணிக்கு 2 யூனிட், ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 16 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவசம் ஒரே வாரத்தில் காலி.

அப்புறம்தான் ஹீட் பம்ப் பக்கம் வந்தேன், அதாவது வெளியே இருக்கிற வெப்பத்தை உள்ளே இறைக்கிற ஏசி. எனக்கு அது புரிந்தது கிணற்று மோட்டாரை வைத்துத்தான். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது. இதுவும் அப்படியே. வெளியே 12 டிகிரிக் காற்றிலும் வெப்பம் இருக்கிறது. குழாயில் ஓடுகிற ஆர்32 வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு நம் மார்கழிக் காற்று நல்ல சூடு. அந்த வெப்பத்தை வாங்கி, கம்ப்ரஸரில் அழுத்திச் சூடேற்றி, அறைக்குள் விட்டுவிடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைப்பது இதனால்தான். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் திணறுமே, அதுபோல வெளியே குளிர் கூடக் கூட இதற்கும் பாரம் கூடும். சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகர மன்றக் கட்டடத்துக்கு 1938-லேயே ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் இறைத்திருக்கிறார்கள். 12 டிகிரியெல்லாம் அவர்களுக்குக் குளிர்கூட இல்லை.

வாங்குவதில்தான் ஏமாந்தேன். கடைக்காரர் ரிமோட்டை அமுக்கி, "பாருங்க, சூரியன் படம் வருது, சூடும் வரும்" என்றார். வீட்டில் மாட்டிய பிறகு சூரியன் வந்தது, சூடு வரவில்லை. ஒரே ரிமோட்டைப் பல மாடலுக்குக் கொடுப்பார்களாம். வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடுகிற நாலு வழி வால்வு உள்ளே இருந்தால்தான் ஏசி வெப்பம் தரும். பத்து நாள் சண்டைக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். நீங்கள் வாங்கினால் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். குளிரூட்டும் திறனோடு வெப்பத் திறனும் தனியாக அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை மாட்ட வந்த தம்பி, குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் பம்பே கொண்டுவரவில்லை. "கேஸை லேசா விட்டா காத்து போயிடும் சார்" என்றார். மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் பம்போடு வந்து, குழாயை நன்றாக உறிஞ்சிய பிறகுதான் கேஸைத் திறந்துவிட்டார், அப்புறம் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்தார்.

முன்பக்கம் நாட்டு ஓடு, அங்கே எந்த மெஷினை வைத்தாலும் சூடு ஓட்டிடுக்கில் போய்விடும். அம்மாவின் அறை கான்கிரீட். கதவுக்கடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தோம். 1 டன் போதுமாக இருந்தது. சூடான காற்று மேலே ஏறுமல்லவா, அதனால் குளிர்காலத்தில் காற்றைத் தரையைப் பார்த்தும், சித்திரையில் விட்டத்தைப் பார்த்தும் திருப்பி வைக்கிறோம். 23 டிகிரியில் வைத்தால் ராத்திரி முழுக்க ஐந்து யூனிட்டுக்குள் முடிகிறது. பழைய ஹீட்டரோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

முதல் ராத்திரி அம்மா கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு, "மெட்ராஸ் வெயிலைக் கொண்டாந்து ரூமுக்குள்ள விட்டுட்டியேடா" என்றார். காலையில் வெளி யூனிட்டுக்கு அடியில் ஒரே ஈரம். ரிப்பேர் என்று பயந்து அந்தத் தம்பிக்கு போன் போட்டேன். ரிப்பேர் இல்லை. வெயில் காலத்தில் உள்ளே இருக்கிற சுருள்தான் சில்லென்று இருக்கும், தண்ணீர் உள்ளேயிருந்து வரும். இப்போது வெளியே இருக்கிற சுருள் சில்லென்று இருக்கிறது, பனிக்காற்றின் ஈரம் அதில் படிந்து சொட்டுகிறது. அடியில் ஒரு குழாய் மாட்டி செம்பருத்திக்கு விட்டுவிட்டேன்.

சித்திரையில் குளிர்ச்சிக்குப் போட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது, சளி பிடிக்கும் என்று ரிமோட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவார். அப்போது அதைத் தேடி எடுப்பவள், லீவுக்கு வருகிற என் மகள்தான்.