ஓலை வாசிக்கும் முன்பே

1780இல் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சபையின் முதல் பதிவேட்டில் 40 பேர்; முதல் பெயர் தஞ்சாவூர்ப் பிராமண விதவை குளோரிந்தா, அவரோடு பல சாதிக்காரர்களும் ஒரே பட்டியலில். இன்றைக்கு நம் கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை, அதாவது யாருக்கும் யாருக்கும் திருமணம் என்ற அறிவிப்பு, வாசிக்கிறோம், ஆனால் அதற்கு முன்பே சாதி பார்த்து, எத்தனை பவுன், கையில் எவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் போதகர் ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்கிறோம். அசனத்தில், அதாவது சபை விருந்தில், எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம், அது உண்மையிலேயே பெரிய விஷயம். சம்பந்தம் என்று வந்தால்? சபைத் தேர்தலிலும் இதே கணக்குதான். ஊர் வழக்கம் என்கிறார்கள். சரி, ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அந்த வழக்கத்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? பெண்ணைப் பெற்றவர் நகைக்காகக் கடன் கேட்டு அலையும்போது, சபைக் கமிட்டியில் ஒருவராவது எழுந்து வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா.