ஹேசல் டிக்கன்ஸைக் கேட்கும் நாட்கள்

ஆகஸ்ட் 4, 2025

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஹேசல் டிக்கன்ஸின் குரல் முதல்முறை கேட்கும் பலருக்குப் பிடிக்காது என்றே நினைக்கிறேன். கூர்மையாகவும் சில இடங்களில் கரகரப்பாகவும் ஒலித்து, வரியின் முடிவில் சட்டென மேலே உடைந்து எழும் குரல் அது. கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் மையமான நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக்கூடங்கள் மெருகேற்றித் தந்த குரல்களுக்குப் பழகிய காது சற்றுக் கூசத்தான் செய்யும். மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் மாவட்டத்தில், மான்ட்காம் என்னும் சுரங்க ஊரில் 1925-இல் பிறந்தவர் (பழைய குறிப்புகள் பலவற்றில் 1935 என்று இருக்கும்). 11 பிள்ளைகளில் எட்டாமவர். தந்தை சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிச் சென்று பிழைத்தவர். பாஞ்சோ என்னும் தந்திக்கருவி வாசிக்கத் தெரிந்தவர். அதோடு பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்னும் பழமை பேணும் கிறிஸ்தவச் சபையின் போதகர். அச்சபையின் வழிபாட்டில் இசைக்கருவிக்கு இடமில்லை. ஒருவர் வரியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வெறுங்குரலில் தொடர்வார்கள். பக்கவாத்தியத்தின் துணையே இல்லாமல் பாடி வளர்ந்த தொண்டை என்பதை அறிந்த பிறகு, அந்தக் கூர்மை எனக்குக் குறையாகப் படவில்லை.

ஆகஸ்ட் 6

1950-களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பால்டிமோருக்குப் போய், தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறார். மலைப்பகுதியிலிருந்து வந்தவர்களை அந்நகரம் இளக்காரமாகப் பார்த்த காலம். காசநோயால் பாதிக்கப்பட்ட அவருடைய சகோதரர் ராபர்ட் சேர்ந்திருந்த மருத்துவமனையில்தான் மைக் சீகர் வேலை செய்துகொண்டிருந்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாததால், படைச் சேவைக்கு மாற்றாக ஏற்ற வேலை அது. நாட்டுப்புற இசைக்காகவே வாழ்ந்த சீகர் வழியாக ஹேசலுக்குப் பிற இசைக்கலைஞர்களின் பழக்கம் கிடைத்தது. பாடகி ஆலிஸ் ஜெரார்டும் அந்த வட்டத்தில்தான் அறிமுகமானார்.

ஆகஸ்ட் 11

ஹேசலும் ஆலிஸும் சேர்ந்து பாடிய முதல் இசைத்தட்டை ஃபோக்வேஸ் நிறுவனம் 1965-இல் வெளியிட்டது. சப்பி வைஸ் ஃபிடில், லாமர் க்ரையர் பாஞ்சோ, டேவிட் கிரிஸ்மன் மாண்டலின். பில் மன்றோ என்னும் இசைக்கலைஞர் வகுத்த வழியில் வந்த, தந்திக்கருவிகளோடு பாடும் கிராமிய இசையான புளூகிராஸில் ஒருவர் முதற்குரலில் பாட, இன்னொருவர் அதற்கு மேல் ஸ்தாயியில் டெனர் குரலை இழைப்பார். இரண்டும் ஆண்களின் உரிமையாகவே இருந்து வந்தன. இந்தத் தட்டில் ஆலிஸ் முதற்குரலில் நேராக, அமைதியாகச் செல்ல, ஹேசலின் டெனர் அதன் தலைக்கு மேலே உரசிக்கொண்டே போகிறது. இரு குரல்களும் ஒன்றாகக் கரைந்துவிடவில்லை. இடையில் அந்த உரசல் இருப்பதால்தான் நன்றாயிருக்கிறது என்பது என் கட்சி.

ஆகஸ்ட் 12

இன்று 'பிளாக் லங்' பாடலை மட்டுமே கேட்டேன். நிலக்கரித் தூள் ஆண்டுக்கணக்காக நுரையீரலில் படிந்து, அது தழும்பேறி இறுகி, மூச்சை மெல்ல அடைக்கும் நோயைச் சுரங்க மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். சகோதரர் தெர்மன் அந்நோயால் கையில் காசில்லாத நிலையில் இறந்ததைக் கண்டு ஹேசல் இதை எழுதினார். துணைக்கு ஒரு தந்திகூட ஒலிக்காமல் அவர் இதைப் பாடும்போது, வழிபாட்டில் வெறுங்குரலில் பாடிய பழக்கம் துக்க வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

1968 நவம்பர் 20-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனுக்கு அருகே நேர்ந்த சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டார்கள். அதைப் பற்றியும் ஹேசலின் பாட்டு உண்டு. மறு ஆண்டு பிப்ரவரியில், பிளாக் லங் நோய்க்கு இழப்பீடு கேட்டு அம்மாநிலத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் 1973-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பார்பரா காப்பில் ஆவணப்படமாக எடுத்தபோது அதில் ஹேசலின் பாடல்களும் ஒலித்தன. அப்படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. தொழிற்சங்கத்துக்காக எழுதப்படும் பாடல்களில் முழக்கம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார் என்பது என் நெடுநாள் மனக்குறை. ஹேசலின் பாட்டில் மூச்சுக்குத் திணறுபவர் அவர் கூடப்பிறந்தவர். ஆகவே கோபத்துக்கு முகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 17

ஆலிஸுடனான இணை 1976-இல் பிரிந்தது. அதன் பின் ஹேசல் தனித்தொகுப்புகள் வெளியிட்டார். சுரங்கப் போராட்டத்தைச் சொல்லும் 'மேட்வான்' படத்திலும் 1987-இல் பாடினார். 2001-இல் நாட்டின் உயரிய நாட்டுப்புறக் கலை விருது கிடைத்தது. 2011 ஏப்ரலில் வாஷிங்டனில் காலமானார். புளூகிராஸ் உலகம் அவரையும் ஆலிஸையும் தன் புகழ்மன்றத்தில் சேர்த்தது 2017-இல்தான். ஆறு ஆண்டு தாமதம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. நயோமி ஜட் தன் மகள் வைனோனாவுடன் சேர்ந்து பாடப் பழகியது ஹேசல், ஆலிஸ் இருவரின் இசைத்தட்டைக் கேட்டுத்தான். கன்ட்ரி இசையில் 1980-களில் கொடிகட்டிப் பறந்த அந்தத் தாயும் மகளும் அடைந்த வணிக வெற்றி ஹேசலுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. அதைத் தேடி அவர் குரலை மெருகேற்றிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அடுத்து, 1983-இல் வந்த தனித்தொகுப்பைக் கேட்க வேண்டும்.